வாத்தியாரம்மா ஜட்ஜ் ஆன கதை: ஏற்காட்டில் கேட்டதும் சேலத்தில் கேட்டதும்

சட்டம் படிக்கும் பிள்ளைகள் முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு ஒரு சனி, ஞாயிறு ஏற்காடு போயிருந்தோம். இருபது கொண்டை ஊசி வளைவில் நான்கு பேருக்கு வாந்தி. மேலே போய்ச் சேர்ந்தால் மூட்டம், தூறல். நான் பேச ஆரம்பித்த பத்தாவது நிமிடம் கரண்ட் போய் ப்ரொஜெக்டரும் அணைந்துவிட்டது. காபித் தோட்டத்து ஷெட் ஒன்றில் உட்கார்ந்து ப்ரெண்டா ஹேல் கதையை வாயாலேயே சொல்லி முடித்தேன். இங்கிலாந்தில் பதினெட்டு வருஷம் சட்டக் கல்லூரியில் பாடம் நடத்தி, பிறகு அந்த நாட்டின் உச்ச நீதிமன்றத் தலைவராகவே ஆன அம்மாள் அவர்.

அன்று ஆரம்பித்த கேள்விகள் இன்னும் நிற்கவில்லை. அஸ்தம்பட்டி கோர்ட் வாசல் டீக்கடையில் கேட்கிறார்கள், வாட்ஸ்அப்பில் கேட்கிறார்கள், பிள்ளைகளின் அப்பா அம்மா போன் போட்டுக் கேட்கிறார்கள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லித் தொண்டை கட்டியதால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

மேடம், அன்னைக்கு லேட்டா வந்துட்டேன். யார் அந்த ஹேல்?

1945இல் லீட்ஸ் நகரில் பிறந்தவர். வளர்ந்தது யார்க்‌ஷயரில் ரிச்மண்ட் என்ற சின்ன ஊரில். அப்பாவும் அம்மாவும் வாத்தியார்கள். இவருக்குப் பதின்மூன்று வயது நடக்கும்போது அப்பா திடீரென இறந்துவிட, அம்மா தலைமை ஆசிரியை வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினார். பெண் கேம்பிரிட்ஜில் சட்டம் படித்து வகுப்பிலேயே முதலாவதாகத் தேறினார். 1966இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் உதவி விரிவுரையாளர். 1984 வரை அங்கேதான்.

பிறகு சட்டங்களைத் திருத்த யோசனை சொல்லும் சட்ட ஆணையம், 1994இல் உயர் நீதிமன்றம், 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், 2004இல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையின் நீதிபதி. அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான். 2009இல் அங்கே உச்ச நீதிமன்றம் தனியாக அமைந்தபோது அதில் நீதிபதி, 2013இல் துணைத் தலைவர், 2017இல் தலைவர். 2020 ஜனவரியில், 75 வயது நிறைய மூன்று வாரம் இருக்கும்போது ஓய்வு பெற்றார்.

பாடம் நடத்திக்கிட்டு இருந்தவரை நேரா கூப்பிட்டு ஜட்ஜ் ஆக்கிட்டாங்களா?

இல்லை. எல்லோரும் தவறவிடும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன்.

ஹேல் வேலைக்குச் சேர்ந்த கையோடு வழக்கறிஞர் தேர்வுக்கும் தானாகப் படித்தார். வகுப்புக்கே போகாமல் படித்து, அந்தத் தேர்விலும் முதலிடம். 1969இல் வழக்கறிஞராகப் பதிவு. சில வருஷம் காலையில் கோர்ட், மாலையில் வகுப்பு என்று ஓடிப் பார்த்தார். பிறகு ஒன்றை விட்டுத்தான் ஆகவேண்டும் என்று வந்தபோது கோர்ட்டை விட்டுவிட்டு வகுப்பறையைப் பிடித்துக்கொண்டார். ஜட்ஜ் ஆகும் எண்ணம் இருந்தவர் எடுக்கிற முடிவா அது? கணக்குப் போட்டுப் பார்த்தால் தப்புக் கணக்கு.

ஆனால் அவர் எழுதிக்கொண்டே இருந்தார். 1976இல் மனநலச் சட்டம் பற்றி ஒரு பாடநூல். அந்தத் துறையில் பெரிய வக்கீல்கள் யாரும் கை வைக்காத காலம், காசு வராத துறை. அடுத்து குடும்பச் சட்டம், பெண்களும் சட்டமும் என்று போனது எழுத்து. 1984இல் சட்ட ஆணையத்துக்கு ஆள் தேடியபோது இந்த எழுத்துத்தான் அவரைக் காட்டிக்கொடுத்தது. அந்த ஆணையத்தின் முதல் பெண் உறுப்பினர் ஆனார். அங்கே குழந்தைகள் தொடர்பான சட்டங்களை எல்லாம் அவிழ்த்துப்போட்டு ஒழுங்குபடுத்தினார்கள். அதன் விளைவுதான் இங்கிலாந்தின் 1989ஆம் வருடக் குழந்தைகள் சட்டம். தான் பாடம் நடத்திய சட்டத்தைத் தானே திருத்தி எழுதும் பாக்கியம் எத்தனை வாத்தியாருக்குக் கிடைக்கும்?

அந்த 1989இலேயே இன்னொன்று நடந்தது. 'ரெக்கார்டர்' ஆனார். ரெக்கார்டர் என்றால் பகுதிநேர ஜட்ஜ். வருஷத்தில் சில வாரம் மட்டும் ஆசனத்தில் உட்கார்ந்து நிஜ வழக்குகளை விசாரிப்பார், மற்ற நாளில் தன் வேலையைப் பார்ப்பார். இவரால் வழக்கு நடத்த முடியுமா, சாட்சியை நம்பலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கத் தெரிகிறதா, தீர்ப்பு எழுத வருகிறதா என்பதை அரசும் பார்த்துக்கொள்ளும், அவரும் தன்னைப் பார்த்துக்கொள்வார். 1994இல் உயர் நீதிமன்றத்துக்குப் போனது இந்தப் படிகளில் ஏறித்தான்.

நம் ஊரில் இல்லாதது இந்த நடுப்படிதான். இங்கே ஒன்று நீங்கள் ஜட்ஜ், இல்லாவிட்டால் இல்லை. சட்ட ஆணையம் நமக்கும் இருக்கிறது, சுதந்திர இந்தியாவில் 1955இலிருந்து. பேராசிரியர்கள் அதில் உறுப்பினர்களாக உட்கார்ந்தும் இருக்கிறார்கள். ஆனால் அந்த அறையிலிருந்து நீதிமன்ற ஆசனத்துக்குப் போகும் வழக்கம் இங்கே இல்லை.

கோர்ட்ல நின்னு பழகாதவங்களுக்கு ஜனங்க கஷ்டம் எப்படிப் புரியும்?

இது கோர்ட் வாசலில் ஒரு சீனியர் கேட்டது. அவர் கேட்ட தொனியில் கொஞ்சம் குத்தலும் இருந்தது, பரவாயில்லை. கேள்வி நியாயமானது.

வழக்குக் கட்டைப் புரட்டினால் பதில் கிடைக்கும். 2011இல் வந்த வழக்கு ஒன்று. இரண்டு சின்னக் குழந்தைகளோடு ஒரு பெண் வீட்டை விட்டு வெளியேறி, உள்ளாட்சியிடம் தங்க இடம் கேட்கிறார். கணவன் கை நீட்டியதில்லை. ஆனால் பிள்ளைகள் முன்னால் கத்துவான், வீட்டுச் செலவுக்குக் காசு தரமாட்டான், பிள்ளைகளைப் பிடுங்கிக்கொள்வானோ என்ற பயம். அதிகாரிகள் என்ன சொன்னார்கள்? 'அடிக்கவில்லை, ஆகவே வன்முறை இல்லை. நீங்களாகத்தான் வீட்டை விட்டு வந்தீர்கள்.' சட்டத்திலோ 'வன்முறை' என்றால் அடி மட்டும்தானா என்பது தெளிவாக இல்லை. ஹேல் எழுதிய தீர்ப்பு, குடும்பத்துக்குள் வன்முறை என்றால் மிரட்டல், அச்சுறுத்தல், மனத்தை நோகடிக்கும் மற்ற கொடுமைகள் எல்லாம் சேர்ந்ததுதான் என்றது. இந்தச் சொல்லின் பொருள் வருஷங்களோடு எப்படி மாறி வந்தது என்பதை ஒவ்வொரு வருடமும் வகுப்பில் நடத்திய ஆள் எழுதிய தீர்ப்பு அது.

என் வகுப்பில் குடும்ப வன்முறைச் சட்டம் நடத்தும் நாளில் இந்த வழக்கைச் சொல்லாமல் விடுவதில்லை. நம் 2005ஆம் வருடச் சட்டம் அடி, உதை மட்டும் என்று நிற்காமல் சொல்லால், மனத்தால், பணத்தால் செய்யும் கொடுமையையும் சேர்த்தே எழுதியிருக்கிறது. அந்த ஒரு விஷயத்தில் நாம் அவர்களுக்கு ஆறு வருஷம் முன்னால்.

இன்னொன்று 2014இல். மனவளர்ச்சி குன்றிய மூன்று பேர், நல்ல பராமரிப்பு, நல்ல சாப்பாடு, சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் எந்நேரமும் கண்காணிப்பு, தன் இஷ்டத்துக்கு வெளியேற முடியாது. இது சுதந்திரத்தைப் பறிப்பதா, இல்லையா? 'பொன் கூண்டும் கூண்டுதான்' என்று எழுதினார் ஹேல். 1976இல் அந்தப் பாடநூலை எழுதிய கை அல்லவா, முப்பத்தெட்டு வருஷம் கழித்து அதே துறை அவரிடமே வந்து சேர்ந்தது.

அதே சமயம், சீனியர் சொன்னதில் ஒரு பாதி உண்மை. குறுக்கு விசாரணையில் பொய் சொல்லும் சாட்சியின் முகம் எப்படி மாறும் என்பதைப் புத்தகம் சொல்லித்தராது. அதற்குத்தான் அந்த ரெக்கார்டர் படி.

சிலந்தி ப்ரூச் போட்ட ஜட்ஜ் இவங்கதானே?

இவரேதான். 2019 செப்டம்பர் 24. பிரதமர் போரிஸ் ஜான்சன் ராணிக்கு ஆலோசனை சொல்லி நாடாளுமன்றத்தை ஐந்து வாரம் முடக்கி வைத்திருந்தார். பதினொரு நீதிபதிகள் கேட்டு, பதினொரு பேரும் ஒரே குரலில் அந்த முடக்கம் செல்லாது என்றார்கள். தீர்ப்பின் சுருக்கத்தைத் தலைவர் ஹேல் டிவி கேமரா முன்னால் வாசித்தார். கறுப்பு உடை, வலது தோளில் உள்ளங்கை அளவு பளபளக்கும் சிலந்தி ப்ரூச், அதாவது உடையில் குத்திக்கொள்ளும் நகை. மறுநாள் சட்டத்தை விட்டுவிட்டுச் சிலந்தியைப் பற்றியே பேசினார்கள். சட்டைகளில்கூட அச்சடித்து விற்றார்கள்.

எனக்குப் பிடித்தது சிலந்தி இல்லை, அந்த வாசிப்பு. கேள்வி என்ன, இது நீதிமன்றம் கேட்கக்கூடிய விஷயமா, எல்லை எங்கே, எல்லை மீறப்பட்டதா, மீறப்பட்டிருந்தால் என்ன விளைவு. ஒன்றன்பின் ஒன்றாகக் கேள்வி வைத்து, பதில் சொல்லி, அடுத்ததுக்குப் போகிறார். முதல் வருஷப் பிள்ளைக்கும் புரியும். கரும்பலகை இல்லாத குறைதான். முடிந்தால் அந்த வீடியோவைப் பாருங்கள், தேர்வில் பதில் எழுதும் முறையும் அதில் இருக்கிறது.

இவங்க ஒருத்தர்தானா, வேற யாரும் இப்படி வந்திருக்காங்களா?

நிறையப் பேர். அமெரிக்காவில் ஃபெலிக்ஸ் ஃப்ராங்க்ஃபர்ட்டர் ஹார்வர்டில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், 1939இல் நேராக உச்ச நீதிமன்றம். ரூத் பேடர் கின்ஸ்பர்க் ரட்கர்ஸ், கொலம்பியா இரண்டிலும் பேராசிரியை. எலினா கேகன் ஹார்வர்ட் சட்டக் கல்லூரியின் டீனாக இருந்தவர், 2010இல் உச்ச நீதிமன்றம் போகும் வரை ஒருநாள்கூட ஜட்ஜாக இருந்ததில்லை. இங்கிலாந்தில் ஆண்ட்ரூ பரோஸ் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் நாற்காலியிலிருந்து 2020இல் நேரே உச்ச நீதிமன்றம் போனார். அவரும் முன்பே பகுதிநேர ஜட்ஜ் வேலை பார்த்தவர் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நமக்குப் பக்கத்தில் இலங்கை. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் சட்டம் நடத்திய ஷிராணி பண்டாரநாயக்க 1996இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி, 2011இல் தலைமை நீதிபதி. 2013இல் நாடாளுமன்றம் பதவி நீக்கம் செய்தது. 2015 ஜனவரியில் மறுபடி பதவியில் அமர்த்தினார்கள், மறுநாளே ஓய்வு பெற்றார். வாத்தியார் வேலை எவ்வளவு நிம்மதியானது என்று தோன்றுகிறதா?

நம்ம நாட்டுல சட்டப் பேராசிரியர் சுப்ரீம் கோர்ட் ஜட்ஜ் ஆக முடியுமா, முடியாதா?

காகிதத்தில் முடியும். அரசமைப்பின் 124ஆம் உறுப்பு மூன்று வழி சொல்கிறது. ஐந்து வருஷம் உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்திருக்க வேண்டும், அல்லது பத்து வருஷம் உயர் நீதிமன்ற வழக்கறிஞராக இருந்திருக்க வேண்டும், அல்லது குடியரசுத் தலைவரின் கருத்தில் தலைசிறந்த சட்ட அறிஞராக இருக்க வேண்டும். மூன்றாவது வழி வரைவில் முதலில் இல்லை. 1949 மே மாதம் அரசமைப்பு அவையில் எச்.வி.காமத் திருத்தம் கொண்டுவந்து சேர்த்தது அது.

சேர்த்து எழுபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்த வழியில் இன்றுவரை ஒருவரும் உள்ளே போகவில்லை. ஏற்காட்டில் பார்த்திருப்பீர்கள், பழைய பங்களாக்களில் முன்வாசலை விட அழகாக ஒரு பக்கவாசல் இருக்கும், சாவி யாரிடம் என்றே தெரியாது. அந்த மாதிரி.

உயர் நீதிமன்றத்துக்கு அந்த வாசலும் கிடையாது. 217ஆம் உறுப்பின்படி பத்து வருஷம் நீதித்துறைப் பதவி, இல்லாவிட்டால் பத்து வருஷம் வழக்கறிஞர். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இன் 42ஆவது திருத்தம் இங்கேயும் 'தலைசிறந்த சட்ட அறிஞர்' என்று ஒரு பிரிவைச் சேர்த்தது. ஆட்சி மாறி 44ஆவது திருத்தம் வந்தபோது அதை எடுத்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் சேர்த்த எதையும் சந்தேகத்தோடு பார்த்தார்கள், அதில் நியாயமும் உண்டு. ஆனாலும் குளிப்பாட்டிய தண்ணீரோடு பிள்ளையையும் கொட்டியது போல் ஆகிவிட்டது என்பது ஒரு வாத்தியாராக என் வருத்தம்.

தகுதி விஷயத்தில் நீதிமன்றம் விட்டுக்கொடுப்பதும் இல்லை. 1992இல் மிசோரம் அரசின் சட்டத்துறை அதிகாரி ஒருவரை கௌஹாத்தி உயர் நீதிமன்ற நீதிபதியாக நியமித்துக் குடியரசுத் தலைவரே கையெழுத்துப் போட்டுவிட்டார். அவர் வகித்தது நீதித்துறைப் பதவியே இல்லை என்று சொல்லிப் பதவி ஏற்கும் முன்பே உச்ச நீதிமன்றம் அந்த நியமனத்தை ரத்து செய்தது.

அப்ப லெக்சரரா இருந்துகிட்டே ப்ராக்டிஸ் பண்ணினா?

முழுநேரச் சம்பள வேலையில் இருக்கும் வழக்கறிஞர் தொழில் செய்யக் கூடாது. வக்கீல்களைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் விதி 49. ஆனால் 1979இல் வந்த ஒரு விதி, வழக்கறிஞர் ஒருவர் நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மிகாமல் சட்டம் கற்பிக்கலாம் என்கிறது. அப்படி நடத்துவது பகுதிநேர வேலையாகத்தான் கருதப்படும். முன்னாள் தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் இந்த மாதிரிதான், பம்பாயில் வக்கீலாக இருந்துகொண்டே பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியராகப் பாடம் நடத்தியவர். ஜட்ஜ் கனவும் இருக்கிறது, பாடம் நடத்தும் ஆசையும் இருக்கிறது என்றால் நான் காட்டும் வழி இதுதான். கோர்ட் முதலில், வகுப்பு சாயங்காலம்.

நீங்க ஏன் மேடம் ஜட்ஜ் ஆகல?

கேட்டது மூன்றாம் வருஷம் படிக்கும் ஒரு பாப்பா. முகத்துக்கு நேராகக் கேட்டது.

நான்கு வருஷம் சேலத்தில் ஜூனியராக இருந்தேன். ஜீவனாம்ச வழக்குகள்தான் அதிகம். பிறகு ஒரு கல்லூரியில் முழுநேர வேலை கிடைத்தது. 'கேஸையும் நடத்திக்கோங்கம்மா, அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க' என்றார்கள். நம்பினேன். ஒருநாள் மதியம், ஒரு ஜீவனாம்ச மனுவில் நான் எழுந்து நிற்கிறேன், எதிர்த்தரப்பு வக்கீல் என் வாதத்தைத் தொடவே இல்லை. 'இவங்க முழுநேர ஊழியருங்க ஐயா, ஆஜராகவே கூடாது' என்றார். மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். என் கட்சிக்காரம்மா, கையில் பிளாஸ்டிக் பை, இடுப்பில் குழந்தை, ஒன்றும் புரியாமல் என்னையே பார்த்தார். வேறு வக்கீலிடம் கட்டை ஒப்படைத்துவிட்டு அந்த வாரமே பதிவை நிறுத்தி வைக்கச் சொல்லிப் பார் கவுன்சிலுக்கு எழுதிவிட்டேன்.

நான்கு வருஷத்தோடு என் கணக்கு நின்றது. மாவட்ட நீதிபதி நேரடித் தேர்வுக்கே ஏழு வருஷம் வேண்டும்.

காலேஜ் முடிச்ச உடனே சிவில் ஜட்ஜ் பரீட்சை எழுதலாமா?

இப்போது முடியாது. 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம், நுழைவு நிலை நீதிபதி வேலைக்கு மூன்று வருஷ வழக்கறிஞர் அனுபவம் கட்டாயம் என்று திரும்பக் கொண்டுவந்தது. தற்காலிகப் பதிவு செய்த நாளிலிருந்து கணக்கு. நீதிபதிகளிடம் லா கிளார்க்காக, அதாவது ஆராய்ச்சி உதவியாளராக, இருந்த காலமும் சேரும். அதே வருஷம் அக்டோபர் 9 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு இன்னொரு கதவைத் திறந்தது: ஏற்கெனவே கீழ் நீதிமன்ற ஜட்ஜாக இருப்பவர், வக்கீலாக இருந்த வருஷத்தையும் ஜட்ஜாக இருந்த வருஷத்தையும் கூட்டி ஏழு வந்தால், மாவட்ட நீதிபதி நேரடித் தேர்வு எழுதலாம். விண்ணப்பிக்கும் முன் அந்த வருஷ அறிவிக்கையை வரிவரியாகப் படியுங்கள், யூடியூப் தம்ப்நெயிலை நம்பாதீர்கள்.

சார்/மேடம், சம்பளம் எவ்ளோ வரும்? (ஒரு அப்பா, செவ்வாய்ப்பேட்டையிலிருந்து)

உயர் நீதிமன்ற நீதிபதிக்கு அடிப்படைச் சம்பளம் மாதம் 2,25,000 ரூபாய், உச்ச நீதிமன்றத்தில் 2,50,000. ஓய்வு 62, 65 வயதில். நல்ல சீனியர் வக்கீல் இதைவிட அதிகம் சம்பாதிப்பார். ஜூனியர் முதல் மூன்று வருஷம் சம்பாதிப்பது பெட்ரோலுக்கும் தட்டுவடை செட்டுக்கும் சரியாக இருக்கும். வீட்டில் அதுவரை தாங்க முடியுமா என்று யோசித்துச் சொல்லுங்கள்.

தமிழ் மீடியம்ல படிச்சேன். எனக்கு இதெல்லாம் ஒத்து வருமா?

தமிழ்நாட்டு சிவில் நீதிபதித் தேர்வில் மொழிபெயர்ப்புக்கென்றே ஒரு தாள் உண்டு. அங்கே ஆங்கிலப் பள்ளிப் பிள்ளைகள் திணறுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். சாட்சி சொல்வது தமிழ், அதைப் பிசகாமல் பதிவு செய்வதுதான் கீழ் கோர்ட் ஜட்ஜின் தினசரி வேலை. தீர்ப்புகளைப் படிக்க ஆங்கிலம் வேண்டும், அதற்குத் தினம் நான்கு பக்கம் படித்தால் இரண்டு வருஷத்தில் வந்துவிடும்.

வாத்தியாரா இருந்து சட்டத்துக்கு வந்தவங்க நம்ம சேலத்துல யாராச்சும் இருக்காங்களா?

சேலம் சி.விஜயராகவாச்சாரியார். சேலம் நகராட்சிக் கல்லூரியில் ஆங்கிலமும் கணக்கும் நடத்தியவர். சட்டத்தை யாரிடமும் பாடம் கேட்காமல் தானே படித்து 1881இல் வக்கீல் ஆனார். அடுத்த வருஷமே, 1882இல் சேலத்துக் கலவர வழக்கில் அவரையே குற்றவாளி ஆக்கிப் பத்து வருஷ தண்டனை. மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. பறித்த நகராட்சி உறுப்பினர் பதவியையும் வழக்குப் போட்டுத் திரும்ப வாங்கினார். 1920 நாக்பூர் காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைவர் அவர்தான். ஜட்ஜ் ஆகவில்லை, ஆனால் சட்டத்தைக் கூண்டில் நின்றும் பார்த்தவர்.

அந்த என்ரோல்மென்ட் சர்டிபிகேட்டை என்ன பண்ணினீங்க?

அதே பாப்பா, திரும்பி வரும் பஸ்ஸில், பதினோராவது வளைவில்.

பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது. வரும் மே மாதம் எனக்குப் பணி ஓய்வு. பதிவைத் திரும்ப உயிர்ப்பிக்கக் கேட்கும் கடிதத்தை டைப் அடித்து, தேதி மட்டும் போடாமல் வைத்திருக்கிறேன். பழைய கவுன் பத்தவில்லை. நாலு ரோட்டுத் தையற்காரரிடம் புது அளவு கொடுத்தாயிற்று.